அப்பாவின் .22 ரைஃபிளைத் துல்லியமாக்குவது: டெல்லியில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

அப்பா விட்டுப்போன ப்ர்னோ .22 ரைஃபிளை (செக் நாட்டுத் தயாரிப்பு, குழலின் உள்ளளவு 0.22 அங்குலம்) டெல்லிக்குக் கொண்டுவந்து 50 மீட்டரில் முதல்முறை சுட்டபோது, ஐந்து தோட்டாக்களும் ஓர் எலுமிச்சம்பழ அகலத்துக்குச் சிதறின. சரியாகச் சொன்னால் 48 மில்லிமீட்டர். இன்று அதே ரைஃபிள், அதே தூரத்தில் விடும் ஐந்து ஓட்டைகளையும் ஒரு பத்து ரூபாய் நாணயத்தால் மூடிவிடலாம். குழலை மாற்றவில்லை, ட்ரிகரை மாற்றவில்லை. இடையில் போனது ஒன்றரை வருடமும், தேவையே இல்லாமல் செலவான பதினாறாயிரம் ரூபாயும். அந்த இரண்டும் உங்களுக்குப் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது கையால் போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் நகரும் பாகம்) இழுத்துச் சுடும் ரைஃபிளுக்கானது. ஒரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களை நம் ஆயுத விதிகள் தனி வகையில், இன்னும் கடுமையாக வைத்திருக்கின்றன. வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் உரிமப் பிரிவில் எழுத்துமூலம் கேட்டுப் பதில் வாங்குகிறவரை ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள். சுத்தம் செய்வது, தோட்டா தேர்ந்தெடுப்பது போன்ற வேலைகள் அதற்கும் பொருந்தும். சட்டம் அப்படியே பொருந்தாது.

1. முதலில் காகிதம், பிறகுதான் ரைஃபிள்

உரிமதாரர் இறந்த நாளிலிருந்து அந்தத் துப்பாக்கியை வைத்திருக்க வீட்டில் யாருக்கும் உரிமை இல்லை. "அப்பாவோடதுதானே, பீரோவிலேயே இருக்கட்டும்" என்று விடுவதுதான் நிறைய குடும்பங்கள் செய்யும் முதல் தவறு. ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, வைத்திருக்க உரிமை இல்லாமல் போன ஆயுதத்தைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். அம்மா திண்டுக்கல்லில் ஒரு வியாபாரியிடம் ஒப்படைத்தார். ரசீதில் துப்பாக்கி எண், போர் (குழலின் உள்ளளவு), நிலைமை மூன்றும் எழுதி வாங்குங்கள். பாதுகாப்புக் கட்டணம் மாதக் கணக்கில் ஏறும். எங்களுக்கு மொத்தம் நாலாயிரம் ஆனது.

அப்புறம், நீங்கள் குடியிருக்கும் ஊரில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்க வேண்டும். டெல்லியில் அது காவல்துறையின் உரிமப் பிரிவு. விண்ணப்பம் ஏ-1 படிவம். வாரிசு என்ற முறையில் கேட்பதாக அதில் தெளிவாக எழுதுங்கள். புதிதாகக் கேட்பவரும் வாரிசாகக் கேட்பவரும் ஒரே வரிசையில் நின்றாலும், இணைக்க வேண்டிய காகிதங்கள் வேறு. அப்பா உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி இருக்கிறது. அவருக்கு 70 வயது ஆகியிருந்தால், அல்லது அந்தத் துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தால், வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். எங்களுக்கு இது தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

நான் கொண்டுபோனவை: அப்பாவின் அசல் உரிமப் புத்தகம், இறப்புச் சான்று, தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று, அம்மாவும் தங்கையும் நோட்டரி முன் கையெழுத்திட்ட ஆட்சேபனையின்மைக் கடிதங்கள், ஒப்படைப்பு ரசீது, டெல்லி முகவரிச் சான்று, மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று, புகைப்படங்கள். தமிழில் மட்டும் இருந்தவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பை நோட்டரி முத்திரையோடு வைத்தேன்.

தமிழர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இனிஷியல். அப்பாவின் உரிமத்தில் ஒற்றை எழுத்து, ஆதாரில் தாத்தா பெயர் முழுதாக, என் பான் அட்டையில் அப்பா பெயர் குடும்பப் பெயராக. டெல்லியில் சரிபார்க்க வந்த காவலருக்கு இவை மூன்று வெவ்வேறு மனிதர்களாகத் தெரிந்தன. இரண்டரை மாதம் அதிலேயே போனது. விண்ணப்பிக்கும் முன்பே "இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும்" என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து இணைத்துவிடுங்கள். நூறு ரூபாய்ச் செலவில் தீரும் விஷயம்.

உரிமம் கையில் வர எனக்கு எட்டு மாதம் ஆனது. கிடைத்ததும் மூன்று கட்டங்களைப் படியுங்கள்: உங்கள் தனி அடையாள எண், உரிமம் செல்லுபடியாகும் பகுதி, தோட்டா எண்ணிக்கை. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 வருடத்துக்கு. ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம்.

2. ஊரிலிருந்து கொண்டுவருவது

பகுதிக் கட்டத்தில் டெல்லி மட்டும் எழுதியிருந்தால், திண்டுக்கல்லில் போய் எடுத்து வழியில் பல மாநிலம் தாண்டி வருவது குற்றமாகிவிடும். அனுமதியை முன்பே எழுதி வாங்குங்கள். விமானத்தில் என்றால் பூட்டிய கெட்டிப் பெட்டியில், தோட்டா இல்லாமல், போல்ட்டைக் கழற்றி, செக்-இன் லக்கேஜில். கவுன்டரில் நீங்களாகவே சொல்ல வேண்டும். மூன்று மணி நேரம் முன்பே போங்கள், முன்பதிவின்போதே விமான நிறுவனத்திடம் அவர்கள் விதியையும் கட்டணத்தையும் கேட்டுவிடுங்கள். வந்த வாரத்திலேயே ரைஃபிளைக் காட்டி எண்ணை உரிமத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

3. தோட்டாக் கணக்கு: இதைத் தவறவிட்டால் மீதி எல்லாம் வீண்

வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் "ஐந்நூறு தோட்டா சுட்டுப் பாருங்கள்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். நமக்கு அது நடக்காது. உரிமத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒரு நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், ஒரு வருடத்தில் எத்தனை வாங்கலாம். பணம் இருந்தாலும் அதற்கு மேல் வாங்க முடியாது. ஆகவே சோதனையின் செலவை ரூபாயில் போடாதீர்கள், தோட்டாவில் போடுங்கள்.

என் திட்டம் இப்படி முடிந்தது: ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) நேர் செய்ய 20, முதல் அளவெடுப்புக்கு 25, சுத்தம் செய்தபின் 40, நான்கு ரகத் தோட்டாக்களை ஒப்பிட 100, திருகு இறுக்கத்துக்கு 40. மொத்தம் 225. என் வருட அளவில் இது அடங்கவில்லை. இரண்டு வழிகள் உதவின. ஒன்று, சோதனையை டிசம்பரில் ஆரம்பித்து ஜனவரியில் தொடர்ந்தேன். வருடக் கணக்கு மாறியதில் அளவு புதிதாகக் கிடைத்தது. இரண்டு, ரைஃபிள் கிளப்பில் உறுப்பினராகச் சேர்ந்தேன். கிளப்பின் தோட்டாவை ரேஞ்சிலேயே (சுடுதளம்) வாங்கி அங்கேயே சுட்டு முடித்தால் என் அளவில் கை வைக்க வேண்டியதில்லை. உங்கள் கிளப்பில் அந்த ஏற்பாடு உண்டா என்று சேரும் முன் கேளுங்கள்.

சுட்ட காலி கேஸ்களை (தோட்டா உறைகள்) தூக்கிப் போடாதீர்கள். அடுத்த பெட்டி வாங்கப் போனபோது கடையில் என்னிடம் கேட்டார்கள். ஒரு பிஸ்கட் டப்பாவில் எண்ணிப் போட்டு, பில்லோடு வைத்திருக்கிறேன்.

சுடும் இடம் பற்றி ஒரு வார்த்தை. துக்ளகாபாத்தில் இருக்கும் டாக்டர் கர்ணி சிங் ரேஞ்ச் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்டது, 50 மீட்டர் பகுதி உண்டு. சொந்த ரைஃபிளைக் கொண்டுவரலாமா, எந்த நேரம், என்ன கட்டணம் என்று முன்பே கேட்டுவிட்டுப் போங்கள். போட்டி ஆசை இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: சர்வதேச 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் ஒவ்வொரு தோட்டாவையும் கையால் போட்டுத்தான் சுட வேண்டும். மேகசின் (பல தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) உள்ள ரைஃபிளில் பழகலாம், கற்கலாம். போட்டிக்கு வேண்டியது வேறு ரைஃபிள்.

4. ஸ்கோப்: என் முதல் ஏழாயிரம் போன இடம்

கண்ணின் பிழையை எடுத்துவிட்டால்தான் ரைஃபிளின் பிழை தெரியும். அதனால் சோதனைக் காலத்துக்காவது ஸ்கோப் வேண்டும். நான் கடைக்காரர் காட்டிய பெரிய ஸ்கோப்பை வாங்கினேன். அது பெரிய ரைஃபிள்களுக்கானது. பாரலக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோல் தெரியும் பிழை) 100 கெஜத்துக்கு நிலைப்படுத்தியது. 50 மீட்டரில் தலையைச் சற்று நகர்த்தினால் குறுக்குக் கோடு கரும்புள்ளியின் மேல் நகர்கிறது, ரைஃபிள் அசையவே இல்லை. உங்கள் ஸ்கோப்பை இப்படிச் சோதிக்கலாம்: ரைஃபிளை மணல் பையில் அசையாமல் வைத்து, கையை எடுத்துவிட்டு, தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கோடு நகர்ந்தால் அந்த ஸ்கோப் உங்கள் தூரத்துக்கு ஆகாது. ரிம்ஃபயருக்கென்று (.22 போன்ற சிறு தோட்டாக்கள்) வருபவை 50 கெஜத்துக்கு நிலைப்படுத்தியவை. அல்லது பாரலக்ஸைத் திருப்பிச் சரிசெய்யும் வசதி உள்ளதை வாங்குங்கள்.

ஸ்கோப்பை ரைஃபிளின் மேல் பிடித்துவைக்கும் மவுன்ட் அடுத்த பொறி. பழைய ரைஃபிளின் மேல் இருக்கும் வால்பள்ளமும், புதிய மவுன்ட்களில் பெரும்பாலானவை எதிர்பார்க்கும் அகலமான தண்டவாளமும் ஒன்றல்ல. எனக்கு விற்றவர் "எல்லாத்துக்கும் பொருந்தும்" என்றார். இரண்டாயிரத்து இருநூறு ரூபாய், பொருந்தவில்லை. வெர்னியர் அளவுகோலால் பள்ளத்தின் அகலத்தை அளந்து, எண்ணை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். 11 மில்லிமீட்டருக்கு நெருக்கமாக இருந்தால் ஏர் ரைஃபிள் மவுன்ட்களிலேயே பொருந்துவது கிடைக்கும்.

ஸ்கோப்பை இந்தியாவிலேயே, பில்லோடு வாங்குங்கள். வெளிநாட்டுத் தளத்தில் விலை குறைவு என்று போட்டால் சுங்கத்தில் நிற்கும்.

கணக்குக்கு ஒன்று: பெரும்பாலான ஸ்கோப்களில் ஒரு கிளிக் (குறியை நகர்த்தும் குமிழின் ஒரு படி) என்பது 50 மீட்டரில் 3.6 மில்லிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர் வலப்பக்கம் போகிறது என்றால் ஐந்தாறு கிளிக். இதை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டி மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். ரேஞ்சில் அவசரத்தில் யோசித்தால் ஐந்து தோட்டா வீணாகும்.

5. இப்போது எப்படிச் சுடுகிறது என்று அளந்து எழுதுங்கள்

ரேஞ்சில் எனக்குக் கிடைத்த பெரிய உதவி, வேலூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர். தமிழ்க் குரல் கேட்டதும் தானாக வந்து உட்கார்ந்தார். நான் ட்ரிகரை மாற்றப்போகிறேன், குழலை மாற்றலாமா என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் சொன்னது: "தம்பி, மருந்து வாங்குறதுக்கு முன்னாடி என்ன வியாதின்னு பாருங்க. பேப்பர்ல எழுதி வைங்க."

செய்ய வேண்டியது இதுதான். முன்னே ஒரு மணல் பை, பின்னே ஒரு சின்னப் பை. பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து, ஆற்று மணலைச் சலித்துப் போட்டால் போதும். கடையில் வாங்க வேண்டாம். ஐந்து குறி அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஐந்து தோட்டா. ஒவ்வோர் அட்டையிலும் மிகத் தள்ளி இருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு வெர்னியரால் அளந்து, அதிலிருந்து 5.6 மில்லிமீட்டர் கழியுங்கள். அது தோட்டாவின் அகலம். ஐந்து அட்டைகளின் சராசரிதான் உங்கள் எண்.

மூன்று தோட்டா சுட்டுவிட்டு "அடடா, ஒட்டிக்கொண்டு விழுகிறதே" என்று நிறுத்தாதீர்கள். மூன்று தோட்டா யாருக்கும் எப்போதாவது ஒட்டும். ஒன்று விலகினால் "அது என் கை" என்று கழித்துவிடவும் கூடாது. எல்லாவற்றையும் சேர்த்து அளந்தால்தான் பிறகு ஒப்பிட முடியும்.

சிதறல் எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். என்னுடையது மேலும் கீழுமாக நீண்டிருந்தது, பக்கவாட்டில் குறைவு. அடுத்த படிக்கு அதுதான் துப்பு.

நேரம்: காலை ஏழிலிருந்து ஒன்பது வரை. மே, ஜூனில் பத்து மணிக்கு மேல் லூ எனும் அனல்காற்று ஆரம்பித்தால் .22 தோட்டாவை வைத்து எதையும் அளக்க முடியாது. ஜனவரியில் பனிமூட்டம் விலகும்வரை அட்டையே தெரியாது, அந்த மாதம் மட்டும் பதினொன்றுக்குப் போங்கள்.

6. பழைய எண்ணெய்

இந்த ஒரு படியில்தான் என் ரைஃபிள் 48 மில்லிமீட்டரிலிருந்து 31-க்கு வந்தது. ஆகவே இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த ரைஃபிளைத் துடைப்பார். தேங்காய் எண்ணெய்தான். திண்டுக்கல் வெயிலில் அது எப்போதும் இளகியே இருந்தது. ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பது தலைக்குத் தேய்க்கும் எல்லோருக்கும் தெரியும். டெல்லி டிசம்பர் காலை எட்டு டிகிரி. போல்ட்டுக்குள் இருக்கும், தோட்டாவை அடிக்கும் ஊசியும் அதைத் தள்ளும் சுருளும் உறைந்த எண்ணெயில் நகர வேண்டியிருந்தது. அதற்கும் அடியில், வருடக்கணக்கில் காய்ந்து வார்னிஷ் போல் ஆகிவிட்ட ஒரு படலம்.

.22 ரிம்ஃபயரில் தீப்பற்றும் மருந்து தோட்டாவின் அடிவிளிம்புக்குள் இருக்கிறது. ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். ஊசி ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை மெதுவாகவும் அடித்தால், தோட்டா கிளம்பும் வேகமும் மாறும். வேகம் மாறினால் 50 மீட்டரில் அது மேலும் கீழுமாகத் தெரியும். என் அட்டையில் இருந்த நீள்வாக்குச் சிதறல் இதுதான். சுட்ட கேஸ்களை ஒரு தட்டில் வரிசையாக வைத்து விளிம்புத் தழும்பைப் பார்த்தேன். சில ஆழமாக, சில வெறும் கீறலாக. நீங்களும் பாருங்கள், காசு செலவில்லாத சோதனை.

போல்ட்டைக் கழற்றும் முன் மேகசினை எடுத்து, தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். ஒவ்வொரு முறையும். போல்ட்டின் உள்பாகங்களைப் பிரிக்கும் வரிசை மாடலுக்கு மாடல் மாறும், சுருள் தெறிக்கும். முதல்முறை உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். நான் அறுநூறு ரூபாய் கொடுத்தேன். கழற்றிய போல்ட்டை மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தார். கிண்ணத்தின் அடியில் தேன் நிறத்தில் ஒரு வண்டல் இறங்கியது. முற்றிலும் காயவிட்டு, மெல்லிய துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு, அதையும் துணியால் துடைத்துவிட்டார். ஊசிப் பாதை கிட்டத்தட்ட உலர்வாகவே இருக்க வேண்டும்.

குழலுக்கு வேறு கவனம். .22 குழல் கெடுவது பெரும்பாலும் சுடுவதால் அல்ல, சுத்தம் செய்வதால். துண்டுதுண்டாகத் திருகிச் சேர்க்கும் அலுமினியக் கம்பியை வாய்ப்பக்கத்திலிருந்து விட்டு ஆட்டினால், குழல் முடியும் விளிம்பு தேய்ந்துவிடும். தோட்டா கடைசியாகத் தொடும் இடம் அது. போல்ட்டை எடுத்துவிட்டால் பின்பக்கத்திலிருந்தே விடலாம், உறை போட்ட ஒற்றைக் கம்பியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் இழுக்கும் கயிறு போதும். கரைப்பானில் நனைத்த துணி இரண்டு, கால் மணி நேரம் ஊறல், பிறகு உலர்ந்த துணி கறுப்பு குறையும்வரை. பளபளக்கும்வரை தேய்க்க வேண்டாம்.

சுத்தம் செய்ததும் முதல் பத்துப் பதினைந்து தோட்டா தாறுமாறாகப் போகும். பயப்படாதீர்கள். .22 தோட்டாவின் மேல் இருக்கும் மெழுகு குழலில் ஒரு பூச்சாகப் படிந்த பிறகுதான் அது நிலைக்கு வரும். நமக்கோ பதினைந்து தோட்டா என்பது பெரிய தொகை. அதனால் வாராவாரம் குழலைத் தேய்க்காதீர்கள். வெளியே துடையுங்கள், அறையைத் துடையுங்கள். குழலை, குரூப் (அட்டையில் ஓட்டைகளின் சிதறல்) விரியத் தொடங்கினால் மட்டும்.

7. குழல் வாய்

ஒரு காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்து, குழல் வாயின் உள்விளிம்பில் சுற்றி இழுங்கள். எங்காவது நூல் சிக்கினால் அங்கே ஒரு பிசிர் இருக்கிறது. என்னுடையதில் இல்லை. ரேஞ்சில் கூடச் சுடும் நண்பர் ஒருவருடையதில் இருந்தது.

அதைச் சரிசெய்வது லேத் வேலை. பட்டறை லேத்காரரிடம் கொடுக்கவே கூடாது. உரிமம் இல்லாத ஒருவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதே குற்றம், கொடுத்த நீங்களும் மாட்டுவீர்கள். குழலைக் குட்டையாக்குவதற்கு ஆயுதச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது, 6ஆம் பிரிவு. வாயை ஒரு மயிரிழை சீர் செய்தாலும் அளவு மாறும் என்பதால், உரிமப் பிரிவில் முதலில் கேட்டு, உரிமம் பெற்ற மெக்கானிக்கிடம் பதிவேட்டில் எழுதவைத்து, வேலைக்கு முன்னும் பின்னும் குழல் நீளத்தை ரசீதில் குறித்து வாங்குங்கள்.

8. தோட்டாவை ரைஃபிள் தேர்ந்தெடுக்கட்டும்

விலை உயர்ந்த தோட்டாதான் நன்றாகச் சுடும் என்று நினைத்து, சுத்தம் செய்யும் முன்பே ஒரு பெட்டி போட்டித் தோட்டா வாங்கிச் சுட்டுத் தீர்த்தேன். எதுவும் கற்கவில்லை. ரைஃபிள் சுத்தமான பிறகு, நான்கு ரகத்தில் தலா 25 போதும். முதல் பத்து, முந்தைய ரகத்தின் மெழுகை மாற்றிப் புது மெழுகைப் படியவைக்க. மீதிப் பதினைந்து, மூன்று அட்டை.

பெட்டியில் "ஹை வெலாசிட்டி" என்று இருந்தால் துல்லியத்துக்கு அது முதல் தேர்வு அல்ல. ஒலியின் வேகம் 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர். ஹை வெலாசிட்டி தோட்டா அதைத் தாண்டிக் கிளம்பி, பறக்கும்போதே அதற்குக் கீழே இறங்குகிறது. அந்த எல்லையைக் கடக்கும் இடத்தில் தோட்டா தள்ளாடும். 320, 330 மீட்டரில் கிளம்பும் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி ரகம் அந்த எல்லையைத் தொடுவதே இல்லை. என் ரைஃபிள் பிடித்துக்கொண்டது நடுத்தர விலையிலிருந்த ஒரு ஸ்டாண்டர்ட் ரகத்தை. 31, 22 ஆனது. விலை உயர்ந்தது 24-தான்.

பிடித்த ரகம் தெரிந்ததும், பெட்டியின் மேல் இருக்கும் லாட் எண்ணை (ஒரே தொகுதியில் தயாரானதைக் காட்டும் எண்) குறித்துக்கொண்டு, உரிமம் அனுமதிக்கும் அளவுக்கு அதே லாட்டிலேயே வாங்கிவிடுங்கள். அடுத்த லாட் அதே மாதிரி சுடும் என்ற உத்தரவாதம் இல்லை.

9. திருகும் கட்டையும்

ரைஃபிளின் இரும்பை மரக்கட்டையோடு பிடித்திருப்பவை அடியில் இருக்கும் இரண்டு திருகுகள். சில பழைய மாடல்களில் முன்னால் இன்னொன்று. மரம் மழையில் ஊதும், டெல்லி ஏப்ரலில் சுருங்கும். அப்பா காலத்தில் இறுக்கிய திருகு இன்று தளர்ந்திருக்கும், அல்லது யாரோ பயந்துபோய் முறுக்கி மரத்தை நசுக்கியிருப்பார்கள்.

இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் திருப்புளி ஒன்று வாங்குங்கள். நாலாயிரம் ரூபாய் ஆனது. நான் வாங்கியதிலேயே பலன் தந்த பொருள் இதுதான். மரக்கட்டைக்கு 1.7 நியூட்டன் மீட்டரில் ஆரம்பித்து, சிறிது சிறிதாக 2.8 வரை நான்கு நிலைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு அட்டை. வெறும் கைக்கணக்கில் செய்தால் அடுத்த முறை அதே இறுக்கத்துக்குத் திரும்பவே முடியாது. என்னுடையது 2.1-ல் சுருங்கியது: 18 மில்லிமீட்டர்.

இன்னொரு சோதனை: பத்து ரூபாய்த் தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்துப் பின்னோக்கி இழுங்கள். ஒரு பக்கம் மட்டும் சிக்கினால் கட்டை குழலைத் தள்ளுகிறது என்று அர்த்தம். குழல் சூடானால் குறி அந்தப் பக்கத்துக்கு எதிராக நகரும். ஒரு மரக்குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி அந்த இடத்தை மட்டும் தேய்த்து, வெளிப்பட்ட மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். இரும்பில் கை வைக்காத வேலை என்பதால் இதை வீட்டிலேயே செய்தேன்.

10. ட்ரிகரையும் உதிரிகளையும் விட்டுவிடுங்கள்

ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய் ட்ரிகர் பாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். சுங்கத்தில் நின்றது, திரும்பி வரவில்லை, ஒரு விளக்கக் கடிதமும் எழுத வேண்டிவந்தது. சட்டத்தின் கண்ணில் ஆயுதத்தின் பாகமும் ஆயுதம்தான். சத்தத்தைக் குறைக்கும் உறுப்பும் அதே விளக்கத்தில் அடங்கும். "சின்ன ஸ்பிரிங்தானே" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ட்ரிகரை உப்புத்தாளில் தேய்த்து இலகுவாக்கும் வேலையைச் செய்யவே வேண்டாம். பிடிப்பு விளிம்பு சற்றுத் தேய்ந்தாலும், ரைஃபிள் தரையில் தட்டினால் தானாக வெடிக்கக்கூடும். கனமாக இருந்தால் உரிமம் பெற்ற மெக்கானிக், வேறு யாரும் அல்ல. எனக்கு அதுவும் தேவைப்படவில்லை. சுபேதார் ஐயா சொன்னபடி தினமும் இருபது நிமிடம், கதவைச் சாத்தி, தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, வெறும் இழுப்புப் பழகினேன். ரைஃபிளின் அறை வெறுமையாக இருக்கும்போது அடித்தால் பல .22 ரைஃபிள்களில் ஊசி அறை விளிம்பைக் கொத்திவிடும், அதனால் பயிற்சிக்கான போலித் தோட்டா போட்டுத்தான்.

11. செலவும் காலமும்

உரிமத்துக்கு எட்டு மாதம். சோதனைக்குப் பத்து வாரம், வாரம் ஒரு காலை. உரிமக் கட்டணம், ரேஞ்ச், கிளப் சந்தா, தோட்டா தவிர எனக்கு உண்மையில் பயன்பட்டவை: டார்க் திருப்புளி 4,000, சரியான ஸ்கோப் 8,500, மவுன்ட் 1,400, சுத்தம் செய்யும் கம்பியும் எண்ணெயும் 2,300, மெக்கானிக் 600, வெர்னியர் 900. பதினெட்டாயிரத்துக்குள். இதில் ஸ்கோப்பை ரேஞ்சில் யாரிடமாவது இரண்டு மாதம் இரவல் வாங்க முடிந்தால் பாதி குறையும்.

சுவரில் போல்ட் அடித்த இரும்புப் பெட்டி தனிச் செலவு. உரிமம் கேட்கும்போதே பாதுகாப்பாக வைக்கும் இடம் பற்றிச் சொல்ல வேண்டியிருப்பதால் அதை முதலிலேயே வாங்கிவிடுங்கள். தோட்டாவுக்கு வேறு பூட்டு, வேறு அறை. பஞ்சு வைத்த பயணப் பெட்டியில் ரைஃபிளை மாதக்கணக்கில் விடாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி, குழலின் அடிப்பக்கம் முழுக்கத் துருப் புள்ளி வந்துவிடும்.

ஒவ்வொரு நவம்பரிலும், குளிர் இறங்கியதும், நான் இரண்டு வேலை செய்கிறேன். திருகுகளை மறுபடி 2.1-க்கு வைக்கிறேன். அப்புறம் ஐந்து தோட்டா, ஓர் அட்டை. தேதி, வெப்பநிலை, லாட் எண் எழுதி, அப்பாவின் பழைய உரிமத்தின் நகலோடு அதே கோப்பில் வைக்கிறேன். போன நவம்பர் அட்டையில் 19 மில்லிமீட்டர், பன்னிரண்டு டிகிரி.